கார்ப்பேதிய மலைகளும் எல்லைக் கோடுகளும்

வரலாற்றைக் கற்கப் புகும் மாணவர் முதலில் நிலப்படத்தை விரித்து நோக்குதல் மரபு. மலையும் ஆறும் கடலும் மக்கள் வாழ்வின் போக்கை எவ்வாறு வகுத்தன என்பது அவர்கள் தொடக்கத்திலேயே பெறும் பாடமாகும். இப்பாடத்திலிருந்து எளிதிற் கிளைக்கும் பிறிதொரு கருத்தும் உண்டு. அரசுகளுக்குரிய எல்லைகளை இயற்கையே வகுத்து வைத்துள்ளது என்பதே அது. மலைமுகட்டுக்கு இப்பால் ஓர் இனம், அப்பால் வேறோர் இனம்; இடையில் நிற்பது இயற்கையின் மதில் என்னும் இவ்வெண்ணம் பதினெட்டாம் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய அரசியலில் பெருவழக்குப் பெற்றது. படைத்தலைவர்களும் அமைச்சர்களும் இதனை எடுத்தாண்டனர். பாடநூலாசிரியர்களும் ஐயமின்றி ஏற்றுக்கொண்டனர்.

இக்கருத்து எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை ஆராய்வதற்குக் கார்ப்பேதிய மலைத்தொடர் சிறந்ததோர் உதாரணமாகும். மத்திய ஐரோப்பாவினூடும் கிழக்கு ஐரோப்பாவினூடும் வளைந்து செல்லும் இம்மலைத்தொடரின் மீது கடந்த நூறாண்டுகளுள் மட்டும் எத்தனையோ எல்லைக் கோடுகள் வரையப்பட்டும் அழிக்கப்பட்டும் உள்ளன. மலை அசையவில்லை, கோடுகளே அசைந்தன. கோடுகள் அசைந்தபோது அம்மலையில் வாழ்ந்த மக்களும் வேரோடு பெயர்க்கப்பட்டனர். இம்மலைத்தொடரின் புவியியல் வரலாற்றை நோக்குவது, ஆதலின், வெறும் நிலவியற் செய்தி திரட்டுவதாகாது. மனிதன் தான் செய்தவற்றை இயற்கையின்மேல் ஏற்றிக் கூறிய கதையைப் படிப்பதுமாகும்.

மலையின் அமைப்பு

கார்ப்பேதிய மலைகள் ஏறத்தாழ 1,500 கிலோமீற்றர் நீளமுடையன. அல்ப்சு மலைத்தொடரிலும் இவை நீளத்தில் மிக்கவை, உயரத்திலோ குறைந்தவை. வடமேற்கில் பிராத்திசிலாவா நகரத்தருகே தன்யூப் நதிக்கரையில் தொடங்கும் இத்தொடர், வடக்கும் கிழக்குமாக ஒரு பெரும் வில்லைப்போல் வளைந்து சென்று, தெற்கில் இரும்பு வாயில் எனப்படும் ஒடுங்கிய பள்ளத்தாக்கில் மீண்டும் அதே தன்யூப் நதியை அடைகின்றது. நதி நாணாகவும் மலை வில்லாகவும் அமைந்த இத்தோற்றம் நிலப்படத்தை ஒருமுறை பார்த்தோர் எவரும் மறவாதது. வில்லின் உட்புறத்தே ஹங்கேரியச் சமவெளியும் திரான்சில்வேனிய மேட்டுநிலமும் கிடக்கின்றன. வெளிப்புறத்தே போலந்து, உக்ரேன், மொல்டேவியா, வலாக்கியா ஆகியவற்றின் சமநிலங்கள் பரந்து கிடக்கின்றன.

இத்தொடரின் அதியுயர்ந்த சிகரமான கெர்லாச் 2,655 மீற்றர் உயரமுடையது. அது சுலோவாக்கியாவின் உயர் தத்ரா மலைக்கூட்டத்தில் உள்ளது. தென்பகுதியில், உருமேனியாவின் பகராசு மலைக்கூட்டத்திலுள்ள மொல்டோவியானு 2,544 மீற்றர் உயரமுடையது. இவ்விரு உயர்ந்த பகுதிகளுக்கும் இடையே கிழக்குப் போலந்திலும் மேற்கு உக்ரேனிலும் மலை தாழ்ந்து குன்றுகளாகின்றது. மணற்கல்லும் களிக்கல்லும் அடுக்கடுக்காய்ப் படிந்து மடிந்தெழுந்த இந்நடுப்பகுதியிலேயே டுக்லா, வெரெக்கே முதலிய புகழ்பெற்ற கணவாய்கள் அமைந்துள்ளன. டுக்லாக் கணவாயின் உயரம் 502 மீற்றர் மட்டுமே. வெரெக்கேயின் உயரம் 841 மீற்றர். அல்ப்சு மலையின் பெருங்கணவாய்களோடு ஒப்பிடின் இவை வாயிற்படிகள் என்றே கூறத்தக்கவை.

கார்ப்பேதிய மலைகளில் இன்று பனிக்கட்டியாறுகள் இல்லை. பண்டைய பனிக்காலத்தின் சுவடுகளாக ஏரிகளும் செங்குத்தான பாறைச் சுவர்களும் மட்டுமே எஞ்சியுள்ளன. சரிவுகளிற் பீச்சு மரக்காடுகளும் அவற்றுக்கு மேல் ஊசியிலைக் காடுகளும், உச்சியிற் புல்வெளிகளும் காணப்படுகின்றன. ஆறுகளின் போக்கும் கருதற்பாலது. விசுத்துலா வடக்கே போல்டிக் கடலை நோக்கிச் செல்கின்றது. நீசுதர் கருங்கடலை நோக்கிச் செல்கின்றது. திசாவும் ஒல்ட்டும் தன்யூப்பிற் கலக்கின்றன. நீர்பிரிமேடு எப்பொழுதும் உயர்ந்த முகட்டின்வழியே செல்கின்றது எனக் கொள்ளுதலும் தவறாகும். திரான்சில்வேனியாவிற் பிறக்கும் ஒல்ட் ஆறு தென் கார்ப்பேதியத்தைக் குறுக்கே அறுத்துக்கொண்டு வலாக்கியச் சமவெளிக்கு இறங்குகின்றது. தத்ராவின் தென்சரிவில் ஊற்றெடுக்கும் பொப்ராட் ஆறோ மலைகளைச் சுற்றி வடக்கே சென்று போலந்தை அடைகின்றது. மலை பிரித்த நிலங்களை ஆறுகள் இணைத்துள்ளன என்பதற்கு இவை சான்றாகும்.

பொன்னும் உரோமரும்

இம்மலையின் பெயரை எழுத்திற் பதித்த தொன்மையான ஆசிரியர்களுள் கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த தொலமி ஒருவராவார். தப்பிரபேன் என்னும் பெயரால் இலங்கையை விவரித்த அதே புவியியல் நூலிலேயே கார்ப்பேதிய மலையையும் அவர் குறித்துள்ளார். அவர் எழுதிய காலத்தில் உரோமர் ஏற்கெனவே இம்மலைக்குள் நுழைந்திருந்தனர். பேரரசன் திராஜன் 101-102, 105-106 ஆகிய ஆண்டுகளில் நிகழ்த்திய இரு போர்களின் விளைவாக டேசியா என்னும் நாடு உரோமப் பேரரசின் மாகாணமாயிற்று. டேசிய மன்னன் டெசிபாலுசின் தலைநகரான சார்மிசெகெதுசா தென் கார்ப்பேதியத்தின் மலைக்காடுகளினூடே அமைந்திருந்தது. மலை தனக்கு அரணாகும் என அவன் நம்பினான். உரோமரோ டமாசுக்கசு நகர அப்பொல்லொடோரசு என்னும் சிற்பியைக்கொண்டு தன்யூப் நதிமேற் பெரும்பாலம் அமைத்துப் படைகளைக் கொண்டுசென்றனர். உரோம நகரில் இன்றும் நிற்கும் திராஜன் தூண் அப்போரின் காட்சிகளைத் தாங்கியுள்ளது.

உரோமரை ஈர்த்தவற்றுள் மலையின் பொன் முதன்மையானது. இன்று ரோசியா மொன்தானா என வழங்கும் இடத்தில் அவர்கள் குடைந்த சுரங்கங்கள் 2021 ஆம் ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. அங்கு கண்டெடுக்கப்பட்ட மெழுகுப் பலகைகளில் தொழிலாளர் ஒப்பந்தங்களும் கடன் பத்திரங்களும் எழுதப்பட்டுள்ளமை பண்டைய சமூக வரலாற்றை ஆராய்வோருக்குக் கிடைத்த அரும்பேறாகும்.

மூன்றாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிற் பேரரசன் ஒரேலியன் படைகளைத் தன்யூப்பின் தென்கரைக்கு மீட்டுக்கொண்டான். அதன்பின் அங்கு எஞ்சிய மக்கள் யாவர் என்னும் வினா பிற்காலத்தில் அரசியற் பூசலாக உருவெடுத்தது. இலத்தீன்வழி மொழி பேசும் உருமேனியர், தம் முன்னோர் மலைக்குட் புகலடைந்து இடையறாது அங்கேயே வாழ்ந்தனர் என்பர். ரோபேர்ட் ரோசலர் 1871 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலோ, அவர்கள் இடைக்காலத்தில் தன்யூப்பின் தெற்கிலிருந்து வந்து குடியேறியோர் எனக் கூறினார். ஹங்கேரிய அறிஞர் பலர் இரண்டாவது கருத்தைப் பற்றிக்கொண்டனர். எழுத்துச் சான்றுகள் அரிதாயுள்ள ஓர் ஆயிரம் ஆண்டைப்பற்றிய இவ்விவாதம் அறிஞர் மன்றத்தோடு நின்றுவிடவில்லை. யார் முதலில் வந்தனர் என்பதை நிறுவினால் நிலம் யாருக்குரியது என்பதும் நிறுவப்பட்டதாகும் என இருசாராரும் கருதினர். முதன்மை உரிமை கோரும் வாதங்களிற் சான்றின் குறைவு வாதத்தின் வேகத்தைத் தணிப்பதில்லை. சில வேளைகளில் அதனை மிகுவிக்கின்றது.

கணவாய்களினூடே வந்தோர்

ஒன்பதாம் நூற்றாண்டின் முடிவில், 895 ஆம் ஆண்டளவில், மகியர் எனப்படும் ஹங்கேரியர் கிழக்குப் புல்வெளிகளிலிருந்து வந்து மலையின் உட்புறச் சமவெளியிற் குடியேறினர். அவர்களின் பெரும்பகுதியினர் வெரெக்கேக் கணவாய்வழியே வந்தனர் என்பது மரபு. அந்நிகழ்ச்சியின் ஆயிரமாம் ஆண்டு நிறைவு 1896 இற் பெருவிழாவாகக் கொண்டாடப்பட்டது.

வந்தவர்கள் வழியை அடைத்தல் வேண்டும் என எண்ணினர். ஆனால் அவர்களுக்கு வழிவிட்ட கணவாய் பிறருக்கும் வழிவிட்டது. 1241 மார்ச்சு மாதத்தில் பட்டுக்கான் தலைமையில் வந்த மொங்கோலியப் படை வெரெக்கேயிற் காவல் நின்ற ஹங்கேரியப் படையை முறியடித்து உட்புகுந்தது. ஏப்பிரல் 11 இல் மோகி என்னுமிடத்தில் நான்காம் பேலா மன்னனின் சேனை அழிந்தது. மன்னன் அத்திரியாத்திக் கடற்கரைவரை ஓடி உயிர் தப்பினான். மொங்கோலியர் திரும்பிச் சென்றபின் அவன் செய்த முதற்பணி கற்கோட்டைகளைக் கட்டுவித்தலாகும். மலைமட்டும் மதிலாகாது என்னும் பாடத்தை அவன் பெருவிலை கொடுத்துக் கற்றான் எனலாம்.

மலையோரங்களைக் காப்பதற்கு மக்களைக் குடியேற்றுதல் மன்னர் கையாண்ட பிறிதொரு வழியாகும். பன்னிரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இரண்டாம் கேசா மன்னன் அழைப்பை ஏற்று ஜேர்மானியர் திரான்சில்வேனியாவிற் குடியேறினர். சாக்சன் எனப் பெயர் பெற்ற இவர்களுக்கு 1224 ஆம் ஆண்டின் அரச சாசனம் தன்னாட்சி உரிமைகளை வழங்கியது. கோயிலையே கோட்டையாக அமைத்த அவர்களின் கிராமங்கள் இன்றும் உள்ளன. கிழக்கு எல்லையில் ஹங்கேரிய மொழி பேசும் சேக்கெலி மக்கள் காவற்குடிகளாயினர். ஹங்கேரியப் பிரபுக்கள், சாக்சன், சேக்கெலி ஆகிய மூவகையினரும் 1437 ஆம் ஆண்டின் விவசாயிகள் கிளர்ச்சியை எதிர்கொள்வதற்குத் தம்முட் கூட்டமைத்தனர். நாளடைவில் இம்மூவருமே நாட்டின் சட்டபூர்வமான இனத்தாராகக் கருதப்பட்டனர். தொகையில் மிகுந்த உருமேனியருக்கு அதில் இடமில்லாது போயிற்று. 1791 இல் அவர்கள் பேரரசன் இரண்டாம் லியோப்பொல்டுக்கு விடுத்த விண்ணப்பம், தமது உரோம வழித்தோன்றலைச் சுட்டி நான்காவது இனமாக ஏற்கப்படும் உரிமையைக் கோரியது. அவ்விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

முகட்டின்வழி சென்றோர்

கணவாய்களினூடே மலையைக் குறுக்காகக் கடந்தோரைப் பற்றியே வரலாற்றேடுகள் பெரிதும் பேசுகின்றன. மலையை நெடுக்காகத் தொடர்ந்து சென்றோரைப் பற்றி அவை அதிகம் பேசுவதில்லை. ஆயினும் கார்ப்பேதியத்தின் தனித்தன்மையை உணர்வதற்கு இவர்களையே முதலில் நோக்குதல் வேண்டும்.

வலாக் எனப்பட்ட இடையர் கூட்டத்தினர் பதினான்காம் நூற்றாண்டு முதலாகத் தென்கிழக்கிலிருந்து மலைமுகட்டின் புல்வெளிகள்வழியே வடமேற்கு நோக்கிப் படிப்படியாகப் பெயர்ந்தனர். கோடையில் மந்தைகளை உச்சிப் புல்வெளிக்கு ஏற்றியும் குளிர்காலத்தில் அடிவாரத்துக்கு இறக்கியும் வாழ்ந்த இவர்களுக்கு ஹங்கேரிய மன்னரும் போலந்து மன்னரும் வலாக் சட்டம் எனப்பட்ட தனிச் சட்டத்தின்கீழ்க் குடியிருப்பு உரிமை அளித்தனர். செல்லும் வழியில் இவர்கள் சிலாவிய மக்களோடு கலந்தனர், மொழியையும் மாற்றிக்கொண்டனர். ஆனால் தொழிலும் தொழிற்சொற்களும் மாறவில்லை. ஆட்டுப்பாற்கட்டியைக் குறிக்கும் பிரின்சா, தலைமை இடையனைக் குறிக்கும் பாச்சா முதலிய சொற்கள் உருமேனியா தொடக்கம் போலந்துவரை சிறு வேறுபாடுகளுடன் வழங்குகின்றன. செக் நாட்டின் கிழக்கு மூலையிலுள்ள மலைப்பகுதி இன்றும் வலாக்கியா என்றே பெயர் பெறுகின்றது. உருமேனிய வலாக்கியாவுக்கும் இதற்கும் இடையே மலைவழியாக ஆயிரம் கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம் உள்ளமை நோக்கத்தக்கது.

சமவெளியில் நின்று நோக்குவோருக்கு மலை ஒரு சுவராகத் தோன்றும். மலைமேல் நின்றோருக்கோ அது ஒரு நெடுஞ்சாலையாக இருந்தது. பேர்னாண்ட் பிரோடல் மத்தியதரைக் கடலைப் பற்றிய தமது பெருநூலை மலைகளைக்கொண்டே தொடங்கியமை ஈண்டு நினைவுகூரத்தக்கது. அரசின் கையும் ஆலயத்தின் கையும் வரிகொள்வோனின் கையும் எளிதில் எட்டாத இடம் மலை என்பது அவர் கருத்து. கார்ப்பேதியமும் அவ்வாறே புகலிடமாயிற்று. பண்ணையடிமை வாழ்வினின்று தப்பியோடியோர் அங்கு ஒளிந்தனர். 1713 இல் தூக்கிலிடப்பட்ட சுலோவாக்கிய வழிப்பறித் தலைவன் யானோசிக், 1745 இற் கொல்லப்பட்ட ஹுட்சுல் வீரன் டொவ்புஷ் ஆகியோரை அரச ஏடுகள் கள்வர் என்றன. மலைமக்களின் பாடல்கள் அவர்களை ஏழைகளின் காவலர் என்றன.

உப்பும் எண்ணெயும்

மலையின் இருபுறத்தாரையும் இணைத்த மற்றொரு கூறு வாணிபமாகும். மலையடிவாரத்தின் உப்புப் படிவுகள் இடைக்காலம் முதல் அரசுகளின் வருவாய்க்கு மூலமாயிருந்தன. கிரக்கோவ் நகருக்கு அண்மையிலுள்ள வியலிச்கா உப்புச் சுரங்கம் பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து இயங்கியது. 1978 இல் முதன்முதலாக வெளியிடப்பட்ட உலக மரபுரிமைப் பட்டியலிலேயே அது இடம்பெற்றது. திரான்சில்வேனிய உப்பு ஆறுகளின்வழி மிதவைகளில் ஏற்றப்பட்டு ஹங்கேரியச் சமவெளியை அடைந்தது.

உப்பைத் தொடர்ந்து எண்ணெய் வந்தது. மலையின் வெளிப்புற அடிவாரத்தில் நிலத்திலிருந்து கசியும் கருநெய்யைக் கிராமத்தவர் வண்டியச்சுக்குத் தடவப் பயன்படுத்தினர். இக்னாசி லுக்காசியேவிச் என்னும் மருந்தாளர் அதனை வடித்து மண்ணெண்ணெயாக்கி விளக்கும் அமைத்தார். 1853 சூலை 31 ஆந் திகதி லிவோவ் நகர மருத்துவமனையில் அவ்வெளிச்சத்திற் சத்திரசிகிச்சை நிகழ்ந்தது. மறு ஆண்டிற் பொபுர்க்காவில் எண்ணெய்க் கிணறு தோண்டப்பட்டது. தெற்கில் புளோயெஸ்தியிற் சுத்திகரிப்பு நிலையம் எழுந்தது. 1857 இற் புக்காரெஸ்ட் நகரத் தெருக்கள் மண்ணெண்ணெய் விளக்கொளி பெற்றன. இச்செல்வமே பின்னர் பேரழிவுக்கும் ஏதுவாயிற்று. ஜேர்மன் படைக்கு எரிபொருள் வழங்கிய புளோயெஸ்தியை 1943 ஓகஸ்ட் 1 இல் அமெரிக்க விமானங்கள் தாக்கின. எரிந்த கிணறுகளுக்கும் சிதைந்த ஊர்களுக்கும் உரியோரான அடிவார மக்கள் அப்போரைத் தொடங்கியவர்கள் அல்லர்.

முகடு எல்லையாதல்

1772 இற் போலந்து முதன்முறை பங்கிடப்பட்டபோது கலீசியாவும், மூன்றாண்டுகளின் பின்னர் புக்கோவினாவும் ஹப்ஸ்பேர்க் பேரரசின் வசமாயின. இதனால் வட, கிழக்கு மலைப்பகுதிகளின் இருபுறமும் ஒரே முடியின்கீழ் வந்தன. 1867 ஆம் ஆண்டின் உடன்படிக்கை பேரரசை ஒஸ்திரியா, ஹங்கேரி என இரண்டாக்கியபோது முகட்டுக்கோடு மீண்டும் பொருள்பெற்றது. அதுவும் அமைதியான கோடாக இருக்கவில்லை. தத்ரா மலையிலுள்ள மொர்ஸ்கியே ஒக்கோ என்னும் ஒரு சிற்றேரியின் உரிமைபற்றிக் கலீசியாவும் ஹங்கேரியும் நெடுங்காலம் வழக்காடின. 1902 இல் கிராட்சு நகரிற் கூடிய நடுவர் மன்றம் கலீசியாவுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஒரே மன்னனின் குடிகள் ஓர் ஏரிக்காக வழக்காடியமை, எல்லையுணர்வு எவ்வளவு வேகமாக வளர்ந்திருந்தது என்பதைக் காட்டுகின்றது.

இயற்கை அரண் என்னும் நம்பிக்கை முதலாம் உலகமகா யுத்தத்தில் மிகக் கொடிய சோதனைக்குள்ளாயிற்று. 1915 சனவரியில், இரசியப் படை முற்றுகையிட்டிருந்த பிசெமிசில் கோட்டையை மீட்பதற்காக, ஒஸ்திரிய-ஹங்கேரியத் தலைமை உறைபனிக் காலத்திலேயே கார்ப்பேதிய முகட்டின்மேல் தாக்குதலைத் தொடக்கியது. பனியில் உறைந்தும் பசியில் வாடியும் நோயுற்றும் குண்டடிபட்டும் இருதரப்பிலும் பல இலட்சம் வீரர் மடிந்தும் செயலிழந்தும் போயினர். மார்ச்சு 22 இற் கோட்டை வீழ்ந்தது. அடுத்த ஆண்டு ஓகஸ்டில் உருமேனியா போரிற் புகுந்து கணவாய்களைக் கடந்து திரான்சில்வேனியாவுட் சென்றது. சில மாதங்களுள் எதிரிப் படைகள் அதே கணவாய்களின்வழியே திரும்ப இறங்கி, டிசெம்பர் 6 இற் புக்காரெஸ்டைக் கைப்பற்றின. எந்த அரணும் இருபுறமும் திறக்கும் கதவே என்பதை இந்நிகழ்ச்சிகள் உணர்த்துகின்றன.

ஒரு மலை, இரு புவியியலாளர்

போரின் முடிவிற் பாரிசில் எல்லைகள் புதிதாக வகுக்கப்பட்டபோது புவியியலாளரின் குரல் மிகுந்த மதிப்புப் பெற்றது. ஹங்கேரியத் தரப்பின் முதன்மை அறிஞர் பால் தெலெக்கி. அவர் பின்னர் இருமுறை அந்நாட்டின் பிரதமராக விளங்கியவர். கார்ப்பேதிய வில்லின் உட்பகுதி முழுவதும் ஒரே வடிநிலம். ஆறுகள் யாவும் நடுவிலுள்ள சமவெளியை நோக்கி இறங்குகின்றன. மலையின் மரமும் உப்பும் சமவெளியின் தானியமும் ஒன்றையொன்று வேண்டிநிற்கின்றன. ஆகவே அது பிரிக்கப்படலாகாது என்பது ஹங்கேரியரின் வாதம். மறுபுறத்தில் பிரெஞ்சுப் புவியியலாளர் எம்மானுவேல் டி மார்ட்டோன், வலாக்கியாவையும் தென் கார்ப்பேதியத்தையும் பல்லாண்டுகள் காலாற நடந்து ஆராய்ந்தவர். மலையின் இருபுறமும் வாழ்வோர் ஒரே மொழியினர். இடையர் ஆண்டுதோறும் இருபுறமும் வந்துசெல்கின்றனர். ஆகவே மலை உருமேனியாவின் முதுகெலும்பாகுமன்றி வேலியாகாது என்பது அவர் ஆதரித்த கருத்தின் சாரம்.

இருவரும் நிலப்படம் வரைந்தனர். தெலெக்கியின் படத்தில் ஹங்கேரியர் செந்நிறத்தாற் காட்டப்பட்டனர். மக்கள் அடர்த்தி குறைந்த பகுதிகள் வெறுமையாக விடப்பட்டன. உருமேனியரும் சுலோவாக்கியரும் ருத்தேனியரும் பரவலாக வாழ்ந்த மலைகள் இதனால் ஆளற்ற வெண்ணிலமாகத் தோன்றின. டி மார்ட்டோனின் படத்திலோ மலைநாட்டுக் கிராமப்பரப்பு வண்ணம் பெற்றுப் பரந்து தோன்றியது; ஹங்கேரியர் மிகுந்த நகரங்கள் சிறு குறிகளாக ஒடுங்கின. இரண்டிலும் பொய்யான எண் ஒன்றும் இல்லை எனக் கொள்ளினும், இரண்டும் காட்டிய நாடு வேறுவேறாகும். எதனை வண்ணமிடுவது, எதனை வெறுமையாக விடுவது என்னும் தேர்விலேயே தீர்ப்பு அடங்கிவிட்டது. 1920 யூன் 4 இற் கைச்சாத்தான திரியானோன் ஒப்பந்தத்தால் ஹங்கேரி தன் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றிலிரண்டு பங்கை இழந்தது. திரான்சில்வேனியா உருமேனியாவுக்கும் வடமலைநாடு செக்கோஸ்லோவாக்கியாவுக்கும் சென்றன. கிழக்கு எல்லையின் காவற்குடிகளாயிருந்த சேக்கெலியர் இப்பொழுது உருமேனியாவின் நடுப்பகுதியில் வாழும் சிறுபான்மையினராயினர்.

பெயர்களும் இவ்வாறே நோக்குவோர் நிற்கும் இடத்தைக் காட்டுவன. திரான்சில்வேனியா என்றால் காட்டுக்கு அப்பாலுள்ள நாடு. அது ஹங்கேரியச் சமவெளியில் நின்றோர் இட்ட பெயர். திசா ஆற்றின் மேற்பகுதியிலுள்ள ருத்தேனிய நிலம் பிராக் நகரத்தாருக்குக் கார்ப்பேதிய அடிவார நாடாக இருந்தது. கீவ் நகரிலிருந்து நோக்குவோருக்கு அது கார்ப்பேதியத்துக்கு அப்பாலுள்ள நாடாயிற்று. கெர்லாச் சிகரமும் தப்பவில்லை. 1896 இற் பேரரசன் பிரான்ஸ் ஜோசப்பின் பெயரையும், 1949 இல் ஸ்டாலினின் பெயரையும் அது தாங்கியது. 1959 இலேயே பழைய பெயர் மீண்டது. ஹங்கேரிய இலச்சினையிலும் சுலோவாக்கிய இலச்சினையிலும் ஒரே மும்முகட்டுக் குன்று பொறிக்கப்பட்டுள்ளது. தத்ரா, பத்ரா, மத்ரா என்னும் மூன்று மலைகளையே அது குறிக்கின்றது என இருநாட்டாரும் விளக்கம் கூறுவர்.

பெயர்க்கப்பட்டோர்

உஷ்கொரோட், முக்காசெவோ ஆகிய நகரங்களையுடைய அந்த ருத்தேனிய நிலத்தின் வரலாறு தனித்துக் கூறத்தக்கது. அது ஒஸ்திரிய-ஹங்கேரியின் பகுதியாயிருந்து, 1919 இல் செக்கோஸ்லோவாக்கியாவின் பகுதியாயிற்று. 1938 நவம்பர் 2 ஆந் திகதியின் வியன்னாத் தீர்ப்பால் அதன் தென்பகுதி ஹங்கேரிக்குச் சென்றது. 1939 மார்ச்சு 15 இல் எஞ்சிய பகுதி கார்ப்பேதிய உக்ரேன் எனச் சுதந்திரப் பிரகடனம் செய்தது. சில நாள்களுள் ஹங்கேரியப் படை அதனை விழுங்கியது. 1944 இல் செஞ்சேனை வந்தது. 1945 இற் சோவியத் யூனியனும், 1991 இற் சுதந்திர உக்ரேனும் அதன் உரிமை பெற்றன. ஊரைவிட்டு ஒருநாளும் வெளியேறாமலே ஐந்து நாடுகளில் வாழ்ந்த முதியவரைப் பற்றிய கதை அங்கு வழங்குகின்றது. கேட்போர் நகைப்பர், ஆனால் அது நகைச்சுவை மட்டுமன்று.

ஊரைவிட்டு வெளியேறாதிருக்கும் பேறும் எல்லாருக்கும் வாய்க்கவில்லை. 1944 ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து இம்மலைநாட்டின் யூதர் அவுஷ்விட்சு மரணமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மராமுரெஷ் பகுதியிலுள்ள சிகெத் என்னும் ஊரிலிருந்து அவ்வாறு கொண்டுசெல்லப்பட்டுத் தப்பியவர்களுள் ஒருவரே 1986 இற் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்ற எலி வீசல். 1945 சனவரியில் உருமேனியாவின் ஜேர்மானியருள் எழுபதினாயிரம் பேரளவில் சோவியத் சுரங்கங்களுக்கு வேலைக்கு அனுப்பப்பட்டனர். 1989 இன் பின்னர் எஞ்சியோரிற் பெரும்பாலார் ஜேர்மனிக்குக் குடிபெயர்ந்தனர். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர் காவலுக்கு அழைக்கப்பட்டோரின் கோட்டைக்கோயில்கள் வழிபடுவாரின்றிப் பூட்டப்பட்டன.

வடசரிவில் வாழ்ந்த லெம்கோ, பொய்க்கோ மக்களின் நிலையும் இதுவே. போரின்பின் போலந்துக்கும் சோவியத் உக்ரேனுக்கும் இடையே நிகழ்ந்த மக்கள் பரிமாற்றத்தில் 1944 முதல் 1946 வரை ஏறத்தாழ 4,80,000 பேர் கிழக்கே அனுப்பப்பட்டனர். எஞ்சியோரில் ஏறத்தாழ 1,40,000 பேர், 1947 ஏப்பிரல் 28 இல் தொடங்கிய விசுத்துலா நடவடிக்கையால் போலந்தின் மேற்கு, வடக்குப் பகுதிகளிற் சிதறிக் குடியமர்த்தப்பட்டனர். ஒரே ஊரார் ஓரிடத்திற் சேர்ந்து வாழாதவாறு அவர்கள் பிரிக்கப்பட்டமை குறிப்பிடத்தக்கது. இன்று பியெசாடி மலைகளுக்குச் செல்லும் பயணிகள் அங்குள்ள காடுகளின் அமைதியையும் ஓநாய்களையும் கரடிகளையும் வியந்து, மனிதன் கை படாத இயற்கை என்பர். காட்டினூடே பழமரங்கள் நிற்கும் இடங்களில் ஒருகாலத்தில் வீடுகள் நின்றன. தெலெக்கியின் படத்தில் தாளின்மேல் நிகழ்ந்த வெறுமை இங்கு நிலத்தின்மேல் நிகழ்ந்தது.

முடிவாக நோக்குமிடத்து

மேற்கூறியவற்றாற் சில உண்மைகள் பெறப்படுகின்றன. கார்ப்பேதிய மலைகள் மக்களின் வாழ்வை வகுத்தன என்பதில் ஐயமில்லை. எவ்வழியாற் படை வரும், எங்கு ஆடு மேயும், எங்கு உப்பு விளையும் என்பவற்றை அவை தீர்மானித்தன. ஆனால் எந்த அரசு எங்கு முடியவேண்டும் என்பதை அவை ஒருபோதும் தீர்மானிக்கவில்லை. ஒரே முகடு ஒரு நூற்றாண்டில் மதிலென்றும், மறு நூற்றாண்டில் முதுகெலும்பென்றும் பெயர் பெற்றது. பெயர் மாறியதற்குக் காரணம் மலையில் இல்லை. பெயரிட்டோரின் தேவையில் இருந்தது. இயற்கை எல்லை எனக் கூறுவோர், தாம் செய்த தெரிவுக்குரிய பொறுப்பினை மலையின் தோளில் ஏற்றிவிடுகின்றனர்.

அண்மைக்காலம் இருவேறு பாதைகளையும் காட்டியுள்ளது. 1932 இற் போலந்தும் செக்கோஸ்லோவாக்கியாவும் டுனாயெச் ஆற்றின் இருகரையிலும் பியெனினி மலைப் பூங்காக்களை நிறுவி எல்லைகடந்த இயற்கைப் பாதுகாப்புக்கு வழிகாட்டின. 2003 இற் கீவ் நகரில் ஏழு நாடுகள் கைச்சாத்திட்ட கார்ப்பேதிய உடன்படிக்கை மலையை ஒரு பொதுச் சொத்தாகக் கருதியது. 2007 டிசெம்பர் 21 இற் போலந்துக்கும் சுலோவாக்கியாவுக்கும் இடையிலான எல்லைச் சோதனைகள் நீங்கின. வழக்காடப்பட்ட தத்ரா முகட்டை இன்று நடைபயணி ஒருவர் கடவுச்சீட்டின்றிக் கடக்கின்றார். அதே நாளில் அதற்குக் கிழக்கே, சுலோவாக்கியாவுக்கும் உக்ரேனுக்கும் இடையிலான கோடோ ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளிமதிலாகி இறுகியது. 2022 பெப்ரவரியில் உக்ரேன்மீது இரசியா படையெடுத்தபின், பெண்களும் குழந்தைகளும் அக்கோட்டைத் தாண்டிப் பெருந்தொகையாக அடைக்கலம் புகுந்தனர். நாட்டைவிட்டு வெளியேறத் தடை விதிக்கப்பட்ட ஆடவருட் சிலர் மலைக்காட்டினூடும் திசா ஆற்றினூடும் கடக்க முயன்று உயிரிழந்தனர். அவர்களைத் தடுத்தது 841 மீற்றர் உயரமுள்ள வெரெக்கே அன்று. டெசிபாலுசின் காலத்திலும் பேலா மன்னனின் காலத்திலும் போலவே கணவாய் இன்றும் திறந்தே கிடக்கின்றது; அதன்மேற் செல்லும் கோட்டினை வரைவோரும் அழிப்போரும் மனிதரே.